எந்தக் கார்டு வாங்கலாம், சபின்?

நெல்லித்தோப்பு
11 பிப்ரவரி 2024

சபினுக்கு,

வாரா வாரம் ஞாயித்துக்கிழமை போன் பண்றோம். "சாப்டீங்களா"ன்னு நீ கேக்குற, "சாப்டேன்"னு நான் சொல்றேன். அதுக்கப்புறம் ரெண்டு பேருமே பேசறதில்ல. போன வாரம் கடிகாரத்தைப் பாத்தேன். பதினோரு நிமிஷம் போனைச் சும்மா காதுல வச்சிட்டிருந்திருக்கோம். அதுக்குப் பதிலா எழுதிப் பாக்கலாமேன்னு தோணுச்சு. மெயில்தான், ஆனா லெட்டர்னு நெனச்சுக்க. பதில் எப்ப முடியுதோ அப்ப போடு.

ஒரு விஷயம் கேக்கணும். நம்ம கேம் பெட்டி போயிடுச்சு. டிஸ்க் சுத்துற சத்தம் வருது, டிவியில ஒண்ணும் வரல. நீ மாசமா இருந்து படுத்தே கிடக்கணும்னு டாக்டர் சொன்ன அந்த மூணு மாசம், மத்தியானத்துல நாம லாரி ஆட்டம் ஆடுவோமே, அந்தப் பெட்டி. ஒருத்தர் மலைப்பாதையில லாரி ஓட்டணும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு மூட்டை விழாம புடிக்கணும். தல்ஹாவோட கம்ப்யூட்டர் கடையில காட்டினேன். லென்ஸ் போச்சு, இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கிடையாதுன்னுட்டான். எமுலேட்டர்னு ஒண்ணு இருக்காம். கம்ப்யூட்டர்ல போட்டா அதுவே அந்தப் பெட்டி மாதிரி வேலை செய்யுமாம். நம்ம டிஸ்க்கையே அதுல காப்பி எடுத்துக் குடுத்தான். நெட் நல்லா இருந்தா நீ அங்கேருந்தே சேர்ந்து ஆடலாமாம்.

ஏதோ ஆபீஸ்ல தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர் ஒண்ணு அவன்கிட்ட இருந்துச்சு. குடுத்துட்டான். கிராபிக்ஸ் கார்டு மட்டும் நல்லதா பாத்து வாங்கிக்கன்னான். எனக்கு போட் இன்ஜினைப் பிரிச்சு மாட்டத் தெரியும், இது தெரியாது. நீ அங்க லிசே ஸ்கூல்ல நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பாக்குற. எந்தக் கார்டு வாங்கலாம், சபின்?

நம்ம கல்யாணத்தை ஃப்ரான்ஸ்காரங்க எத்தா-சிவில் பதிவேட்டுல ஏத்தினாதான் எனக்கு விசா, அந்த வேலை நடந்துட்டிருக்கு. என் பர்த் சர்டிபிகேட்ல மைக்கேல்னு இருக்கறதை மிக்காயேல்னு திருத்தக் குடுத்திருக்கேன்.

மிக்காயேல்


நாந்த்
18 பிப்ரவரி 2024

மிக்காயேலுக்கு,

ஆகஸ்ட்ல பாப்பா போனதுக்கப்புறம் நீங்க என்கிட்ட கேட்ட முதல் கேள்வி, எந்தக் கார்டு வாங்கலாம்ங்கறது.

சரி. சொல்றேன்.

கார்டுக்கு முன்னாடி ப்ராசஸர் என்னன்னு பாருங்க. எமுலேட்டர்ல ஆட்டத்தை ஓட்டறது ப்ராசஸர்தான். கார்டு படத்தைப் பெருசாக்கி, விளிம்பைச் சுத்தம் பண்ணி டிவியில காட்டும். பழைய ஆட்டத்தை இந்தக் காலத்துப் பெரிய டிவியில அப்படியே போட்டா கட்டம் கட்டமா தெரியும். மூணு மடங்கு பெருசாக்கிப் பாக்கணும்னா சுமாரான கார்டு போதும். விலை அதிகமானதை உங்க தலையில கட்டப் பாப்பாங்க. வேணாம்.

தெரியணும்: ப்ராசஸர் மாடல். உள்ள கரன்ட் குடுக்கற எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ். கேபினெட் ஒல்லியா, சாதாரணமா. இந்த மூணும் தெரியாம யார் கார்டு சொன்னாலும் நம்பாதீங்க.

இங்க குளிர். வேலை இருக்கு. திருத்தம் முடிஞ்சதும் கல்யாணப் பதிவுப் பாரத்தை அனுப்பிடுங்க. அது போய் மாசக்கணக்கா ஆகும்.

சபின்


நெல்லித்தோப்பு
10 மார்ச் 2024

சபினுக்கு,

கேபினெட் ஒல்லி. புத்தகம் மாதிரி நிக்குது. ஸ்கேல் வச்சு அளந்தேன். சாதாரணக் கார்டு நுழையாது, பாதி உயரக் கார்டுதான் போகும். ப்ராசஸர் ஐ5, எய்ட்த் ஜென். அது பரவாயில்லையாம். எஸ்.எம்.பி.எஸ். 200 வாட்ஸ். கார்டுக்குன்னு தனியா கரன்ட் ஒயர் இல்ல.

இதெல்லாம் தல்ஹாகிட்ட சொன்னேன். "அப்ப உனக்கு 6400ங்கற கார்டுதான்டா மாமே. பாதி உயரம், தனி ஒயர் வேணாம், கண்ணை மூடிட்டு எடு"ன்னான். எடுத்துக் கையிலயும் குடுத்தான். நான்தான் உன்னைக் கேட்டுட்டு வாங்கறேன்னு திருப்பி வச்சுட்டேன். "பொண்டாட்டியைக் கேட்டு டிவி வாங்குறவனைப் பாத்திருக்கேன், கார்டு வாங்குறவனை இப்பதான் பாக்குறேன்"னு சிரிச்சான்.

அம்மா நல்லா இருக்காங்க. உன் அத்தை மர்த் போன ஞாயிறு பூசையில பாத்து, விசா வந்துச்சான்னு கேட்டாங்க. வரும்னேன். திருத்தம் இன்னும் கைக்கு வரல.

எடுத்துடவா?

மிக்காயேல்


நாந்த்
16 மார்ச் 2024

மிக்காயேலுக்கு,

6400 வேணாம். தல்ஹா சொன்னது உயரத்துக்கும் கரன்ட்டுக்கும் சரி. ஆனா அந்தக் கார்டுல வீடியோவை என்கோடு பண்ற பகுதி கிடையாது. நாம ஆடறது எப்படின்னா, ஆட்டம் உங்க கம்ப்யூட்டர்ல ஓடும், அந்தப் படத்தை உடனுக்குடனே சுருக்கி நெட் வழியா எனக்கு அனுப்பணும். அனுப்பற வேலையைக் கார்டு செய்யணும். இல்லன்னா அதுவும் ப்ராசஸர் தலையில விழும். அது ஏற்கெனவே எமுலேட்டரைச் சுமந்துட்டிருக்கும். திக்கும்.

உங்க பக்கம் நல்லா ஓடும். என் பக்கம் எதுவும் வந்து சேராது.

வாங்கறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அது நல்லது.

1650 பாதி உயரத்துல வருது. செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும், ஃபேன் தேயாம இருக்கான்னு பாருங்க. இல்லன்னா இப்பப் புதுசா 3050ல ஆறு ஜிபி வந்திருக்கு. எழுபது வாட்ஸ்தான், தனி ஒயர் வேணாம். பாதி உயரத்துல வந்ததும் அதையே எடுங்க. இந்த ரெண்டுல எதுன்னாலும் சரி.

சபின்


நெல்லித்தோப்பு
21 ஏப்ரல் 2024

சபினுக்கு,

மீன்புடி தடைக்காலம் ஆரம்பிச்சாச்சு. வைத்திக்குப்பத்துல எல்லா போட்டும் கரையில ஏறிடுச்சு. எல்லாரும் இன்ஜினைக் கழட்டி என் முன்னாடி கொண்டாந்து வச்சுட்டாங்க. காலையில கையில படுற கிரீஸ் ராத்திரி வரைக்கும் போறதில்ல. வேலை இருக்கறது நல்லாத்தான் இருக்கு. எதையும் யோசிக்க வேண்டியதில்ல.

1650 ஒண்ணு வந்துச்சு. முத்தியால்பேட்டையில ஒரு பிரவுசிங் சென்டரை மூடுறாங்க, அதுல இருந்தது. ஃபேன் லேசா ஆடுச்சு. வேணாம்னுட்டேன். ரெண்டாவது ஒண்ணு வந்துச்சு. ஃபேன் நல்லா இருந்துச்சு, பின்னாடி மாட்டுற தகடு பெருசா இருந்துச்சு, சின்னத் தகடு தொலைஞ்சுட்டுதாம். தகடு வெட்டறது எனக்கு ஒரு வேலையே இல்ல. ஆனாலும் வேணாம்னுட்டேன். 3050 பாதி உயரத்துல ஆர்டர் போட்டாதான் வருமாம். போடட்டுமான்னு தல்ஹா கேட்டான். நாலு ஜிபி போதுமா ஆறு வேணுமான்னு கேட்டேன். "3050 பாதி உயரம்னா ஆறுதான்டா வரும்"னான். அப்படின்னா கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்னேன். அவனுக்குக் கோவம் வந்துடுச்சு.

"நீ கார்டு வாங்க வர்றியா, பொண்ணு பாக்க வர்றியா? மூணு மாசமா காபி குடிச்சுட்டுக் குடிச்சுட்டுப் போற."

நீ என்ன நெனைக்கிற? 1650ன்னா எத்தனை மடங்கு பெருசாக்கலாம், 3050ன்னா எத்தனை? அதைக் கொஞ்சம் விவரமா எழுதேன்.

திருத்தம் இன்னும் நகராட்சியிலதான் இருக்கு. எலெக்ஷன் வேலையில எல்லாம் நின்னு போச்சு.

மிக்காயேல்


நாந்த்
5 மே 2024

மிக்காயேலுக்கு,

1650ல மூணு மடங்கு. 3050ல அஞ்சு ஆறு மடங்கு கூடப் போகலாம். உங்க டிவியில ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதுக்கு மேல கார்டைப் பத்தி எனக்கு எழுத ஒண்ணுமில்ல.

செந்தமிழ்ச்செல்வியை ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல என்கூடப் படிச்சவ, கல்யாணத்துக்குக் கூட வந்தா. இப்ப நகராட்சியில பிறப்புப் பதிவுப் பக்கம்தான் வேலை பாக்குறா. போன வெள்ளிக்கிழமை அவளுக்கு போன் பண்ணி, என் வீட்டுக்காரர் திருத்தத்தைக் கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லுடின்னேன். அவ தேடிப் பாத்துட்டுச் சொன்னா: "அது பிப்ரவரி இருபத்தி எட்டே குடுத்தாச்சே. அவரே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிருக்காரு."

"ஓ, அப்படியா, மறந்திருப்பாரு"ன்னேன்.

எனக்குக் கோவம் இல்ல. வரணும், வரல. காரணம் மட்டும் தெரியணும். இங்க வர உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா அதை எழுதுங்க. நான் ஒண்ணும் ஆயிட மாட்டேன்.

சபின்


நெல்லித்தோப்பு
2 ஜூன் 2024

சபினுக்கு,

ஒரு மாசமா நாலு தடவ எழுதி அழிச்சுட்டேன். இதை அழிக்கறதுக்குள்ள அனுப்பிடறேன்.

திருத்தம் கைக்கு வந்த அன்னைக்கே பாரத்தைப் பூர்த்தி பண்ண உக்காந்தேன். என் பேர், உன் பேர், அப்பா பேர், கோயில்ல நடந்த தேதி, நகராட்சியில பதிஞ்ச தேதி, எல்லாம் எழுதிட்டேன். ரெண்டாவது பக்கத்துல "பிள்ளைகள்"னு ஒரு கட்டம் இருந்துச்சு. பேர். பிறந்த தேதி. பிறந்த ஊர். கடைசியா, தற்போதைய முகவரி.

பேர் எழுதினேன். 9 ஆகஸ்ட் 2023 எழுதினேன். புதுச்சேரின்னு எழுதினேன். நாலாவதுல பேனா நின்னுடுச்சு. பாரத்தை மடிச்சு வச்சுட்டேன். மறுநாள் எடுத்தேன். அப்பவும் அங்கேயே நின்னுச்சு. காலியா விட்டு அனுப்பலாம். ஆனா காலியா விட்டா, அப்படி ஒரு ஆளே இல்லங்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.

உன்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நீ ஒரு தடவ கூட அவளைப் பத்திக் கேட்டதில்ல. அதுக்கப்புறம் நாப்பது நாள் இங்க இருந்த, கேக்கல. ஏர்போர்ட்ல வழியனுப்பினேன், கேக்கல. நீ கேக்காதப்ப நானா சொன்னா உனக்கு இன்னும் கஷ்டமாயிடும்னு இருந்துட்டேன். கார்டைப் பத்திக் கேட்டா நீ பதில் போடுற. ஒண்ணைக் கேட்டா அஞ்சு வரி எழுதுற. வாங்கி முடிச்சுட்டா அப்புறம் என்னத்தைக் கேக்கறதுன்னு தெரியல. அதான் ஃபேன் ஆடுது, தகடு பெருசுன்னுட்டிருந்தேன்.

வர இஷ்டமா, இல்லையான்னு கேட்ட. தெரியல சபின். அங்க வந்தாலும் ஒரே ரூம்ல இதே பதினோரு நிமிஷம்தான்னா, அதுக்கு இவ்வளவு தூரம் எதுக்குன்னு இருக்கு.

மிக்காயேல்


நெல்லித்தோப்பு
14 ஜூலை 2024

சபினுக்கு,

பதில் வரல. போனையும் நீ எடுக்கறதில்ல. தப்புன்னு சொல்லல.

கார்டு வாங்கிட்டேன். 3050, ஆறு ஜிபி, பாதி உயரம். நேத்து தல்ஹா வீட்டுக்கே வந்து மாட்டிக் குடுத்தான். படம் கண்ணாடி மாதிரி இருக்கு. லாரிக்காரன் சட்டையில பட்டன் இருக்கறதே இப்பதான் தெரியுது.

உனக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். வர்ற ஞாயிறு, இருபத்தொண்ணாந்தேதி, எனக்கு நாலு மணி, உனக்குப் பன்னெண்டரை. நான் ஆன் பண்ணி வச்சிருப்பேன். வந்தா வா. வரலன்னா ஒரு மணி நேரம் பாத்துட்டு அணைச்சுடறேன்.

மிக்காயேல்


நாந்த்
28 ஜூலை 2024

மிக்காயேலுக்கு,

நாப்பது நிமிஷம் ஆடினோம். மைக் ரெண்டு பக்கமும் ஆன்ல இருந்துச்சு. உங்க பக்கம் ஃபேன் சத்தம் கேட்டுச்சு, ஒரு தடவ வாசல்ல அம்மா யாரோடயோ பேசறது கேட்டுச்சு. நீங்க ஒண்ணும் பேசல, நானும் பேசல. நான் பட்டனை அமுக்கினா கால் செகண்ட் கழிச்சுத்தான் அந்த ஆளு கையை நீட்டுறான். அதுக்குள்ள மூட்டை ரோட்டுல விழுந்துடுது. ஒவ்வொரு தடவையும் நீங்க லாரியை நிறுத்தி, பின்னாடி எடுத்து, நான் மூட்டையைத் தூக்கி ஏத்தற வரைக்கும் நின்னீங்க. ஒரு தடவ கூட முன்னாடி போகல. ஒன்பது மூட்டை. எண்ணினேன்.

முடிஞ்சதும் கம்ப்யூட்டரை மூடிட்டுத் தரையில உக்காந்துட்டேன். இந்த ஒரு வருஷமா மனசுல வச்சிருக்கறதை எழுதிடறேன்.

நான் கேக்கவே இல்லன்னு நீங்க சொல்றீங்க. நான் கண்ணு முழிச்சப்ப நாலாவது நாள். வயித்துல தையல். பக்கத்துல தொட்டில் இல்ல. நீங்க வந்து கட்டில் கால்மாட்டுல நின்னுட்டு, "எல்லாம் முடிஞ்சிடுச்சு சபின்"னீங்க. அவ்வளவுதான் சொன்னீங்க. நர்ஸ்தான் சொன்னாங்க, ரெண்டு நாள் உயிரோட இருந்தா, பொண்ணுன்னு. ஏழு மாசம் என் வயித்துல இருந்தவ. நீங்க பாத்தீங்க. உங்க அம்மா பாத்தாங்க. மர்த் அத்தை பாத்தாங்க. ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கூடப் பாத்திருப்பான். நான் பாக்கல.

எனக்காக ஒரே ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதா? செத்துப் போனவங்களை மூணு நாள் நாலு நாள் வச்சிருக்காங்க, ஃப்ரான்ஸ்லேருந்து பிள்ளைங்க வர்றதுக்கு. நம்ம தெருவுலயே எத்தனை பாத்திருக்கோம். நான் அடுத்த மாடியிலதான் இருந்தேன்.

இதைக் கேட்டா நீங்க ஏதாவது ஒரு காரணம் சொல்வீங்க. அது சரியாவும் இருக்கும். அப்புறம் எனக்குக் கோவப்படக் கூட ஒண்ணும் மிஞ்சாது. அதான் கேக்கல.

இப்பக் கேக்கறேன். ஏன் வைக்கல?

சபின்


நெல்லித்தோப்பு
11 ஆகஸ்ட் 2024

சபினுக்கு,

இன்னைக்குத் தேதி பாத்தியா. அதான் இன்னைக்கே எழுதறேன். காரணம்னு சொல்லல. நடந்ததைச் சொல்றேன்.

பத்தாந்தேதி சாயங்காலம் அவ போனா. எனக்கு முன்னாடியே டாக்டர் அம்மா சொல்லிட்டாங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள கை விட்டு, ஒரு விரலை அவ உள்ளங்கையில வச்சிருந்தேன். மூடிப் புடிச்சிருந்தா. அப்புறம் விட்டுட்டா. ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் நர்ஸ் ஒருத்தங்க தண்ணி தொட்டு ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வச்சாங்க. என்ன பேர்னு கேட்டாங்க. நாம பாத்து வச்சிருந்த பேரைச் சொன்னேன்.

உனக்குக் காட்டற வரைக்கும் வைக்கணும்னுதான் நானும் நெனச்சேன். கேட்டேன். அங்க இருந்தது பெரியவங்களை வைக்கற ஃப்ரீசர் பெட்டி. ஆறடி. மூடியைத் தூக்கிக் காட்டினாங்க. அதுல அவளை நடுவுல வச்சா எப்படி இருக்கும்னு பாத்தேன். சபின், என்னால முடியல. "வேணாம்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. இதை யாருகிட்டயும் சொன்னதில்ல. அன்னைக்கு ராத்திரியே உன் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உனக்கும் காய்ச்சல் இறங்கல, ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு, எதுக்கும் தயாரா இருங்கன்னாங்க. அதுக்கப்புறம் என் புத்தி ஒழுங்கா ஓடல. பாப்பாவை எடுத்து வச்சுக் காத்திருந்தா, ரெண்டு பேரையும் சேத்துக் கொண்டு போற மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. அவ காரியத்தை முடிச்சுட்டா உன்னை விட்டுடுவாங்கன்னு ஒரு நெனப்பு. யார் விட்டுடுவாங்க, எதுக்கு விட்டுடுவாங்கன்னு கேக்காத. அப்படித் தோணுச்சு.

பதினொண்ணாந்தேதி காலையில தல்ஹா காரைக் கொண்டாந்தான். வெள்ளைப் பெட்டி, என் மடியில வச்சுக்கிட்டேன். கனமே இல்ல. ஒரு கார்பரேட்டர் அளவு கூட இல்ல. தல்ஹா இருபதுக்கு மேல ஓட்டல. பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். உப்பளம் கல்லறையில காத்தவராயன்னு ஒருத்தர்தான் குழி வெட்டறவரு. அவர் முன்னாடியே வெட்டி வச்சிருந்தார், அது பெருசா இருந்துச்சு. பெட்டியைப் பாத்துட்டு, யாரும் சொல்லாமலே கீழ இறங்கி, மண்ணைத் தள்ளிக் கையாலயே தட்டித் தட்டி அளவுக்குக் கொண்டு வந்தார். அதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. சாமியார் அது வரைக்கும் குடை புடிச்சு நின்னார், எனக்கும் சேத்து. மழை இல்ல, வெயில்தான்.

எங்க அப்பா கல்லறை இருக்குல்ல, அதுக்கு வலது பக்கம், சுவரை ஒட்டி. மேல சிலுவை மட்டும் வச்சிருக்கேன், பேர் எழுதல. உன்னைக் கேக்காம எழுதக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போவேன். புல்லு புடுங்கிட்டு வருவேன்.

ஒரு நாள் வச்சிருக்கலாம். வச்சிருக்கணும். மூணாவது நாள் நீ கண்ணு முழிச்சிருந்தா அவளை உன் கையில கொடுத்திருக்கலாமேன்னு தினம் நெனைக்கறேன். உன் கட்டிலுக்கு முன்னாடி வந்து நின்னப்ப இதையெல்லாம் சொல்லத்தான் வந்தேன். வாயில அந்த ரெண்டு வார்த்தைதான் வந்துச்சு.

கோவப்படறதுக்கு இன்னும் நிறைய இருக்கு. படு.

மிக்காயேல்


நாந்த்
1 செப்டம்பர் 2024

மிக்காயேலுக்கு,

உங்க லெட்டரை லிசேல, சர்வர் ரூம்ல நின்னுட்டுப் படிச்சேன். அங்க சத்தம் அதிகம், யாரும் வர மாட்டாங்க. அழுதேன். ஒரு வருஷத்துல முதல் தடவ. சாயங்காலம் தலைவலி வந்துச்சு, மாத்திரை போட்டுட்டு மறுநாள் வேலைக்குப் போயிட்டேன்.

என் காய்ச்சலைப் பத்தி யாரும் எனக்குச் சொல்லல. நான் சாகக் கிடந்தேன்னு எனக்கே தெரியாது. உங்களை மன்னிச்சாச்சான்னு நீங்க கேக்கல. நல்லது, ஏன்னா எனக்கும் தெரியல. அந்த ஆறடிப் பெட்டியைப் பாத்திருந்தா நானும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்னு நெனைக்கறேன். ஆனா அதை நான் பாத்துச் சொல்லியிருக்கணும்.

பாரத்துல அந்த நாலாவது இடத்துல உப்பளம் கல்லறை, புதுச்சேரின்னு எழுதுங்க. எழுதி அனுப்பிடுங்க. வாங்கறவங்க என்ன வேணா நெனச்சுக்கட்டும். சிலுவையில ஏலிஸ்னு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, தேதி ரெண்டும் போடுங்க.

லீவு கேட்டிருக்கேன். அக்டோபர் முப்பதாந்தேதி சென்னையில இறங்கறேன். கல்லறைத் திருநாளுக்கு அங்க இருப்பேன். மர்த் அத்தைகிட்ட இப்ப சொல்லாதீங்க, ஆள் கூட்டிடுவாங்க. ஏர்போர்ட்டுக்கு நீங்க மட்டும் வந்தா போதும். அதுக்கப்புறம் நீங்க இங்க வர்றதா, நான் அங்கேயே தங்கிடறதா, இல்ல ரெண்டும் இல்லையா, எனக்கு இப்ப ஒண்ணும் தோணல. தோணின மாதிரி எழுதவும் விரும்பல.

ஒண்ணே ஒண்ணு. அவ யார் மாதிரி இருந்தா? உங்க லெட்டர்ல அது மட்டும் இல்ல. இருக்கான்னு ரெண்டு தடவ திரும்பப் படிச்சேன்.

எழுத வேணாம். நேர்ல சொல்லுங்க.

சபின்